பாம் ஸ்பிரிங்ஸில் குடியேறலாமா? வீட்டைப் பார்க்கும் முன் மனையைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கும் 62 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 66 வயது. மென்பொருள் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பூர்வீகம் முதுகுளத்தூர் பக்கம். சில ஆண்டுகளாக இருவரும் பிப்ரவரியில் ஒரு வாரம் தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலைவன நகரமான பாம் ஸ்பிரிங்ஸுக்குச் சென்று தங்கி வருகிறார்கள். அந்த வறண்ட காற்றில் கணவரின் முழங்கால் வலி குறைகிறது, நன்றாகத் தூங்குகிறார், விசிறி ஓலைப் பனைகளையும் திறந்த வானத்தையும் பார்த்தால் சிறுவயதில் ஓடித் திரிந்த ஊரைப் பற்றியே பேசுகிறார். ஃப்ரீமான்ட் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே நிரந்தரமாகக் குடியேற வேண்டும் என்பது இப்போது அவருடைய முடிவு. மூன்று படுக்கையறைகளும் நீச்சல் குளமும் உள்ள ஒரு வீட்டை 4 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் பார்த்து வைத்திருக்கிறார். அதே அளவுள்ள வீடுகள் இரண்டு தெரு தள்ளி 7 லட்சத்துக்கு மேல் விலை போகின்றன. காரணம் கேட்டதற்கு, மனை ‘லீஸ் லேண்ட்’ என்றும், குத்தகை 2053 வரை இருக்கிறது என்றும், அரசாங்க நிலம் என்பதால் அதற்குப் பின் தானாகவே புதுப்பித்துவிடுவார்கள் என்றும் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார்.

இருவரும் ஆண்டுதோறும் மார்கழியில் சென்னை சென்று, கச்சேரியும் பொங்கலும் முடிந்து, பிப்ரவரித் தொடக்கத்தில் திரும்புவது வழக்கம். அந்த நாட்களில் புது வீட்டை ஏர்பிஎன்பி இணையதளம் வழியாகப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விட்டால் ஆண்டுச் செலவு முழுவதும் அதிலேயே வந்துவிடும் என்பது கணவரின் கணக்கு. 1999இல் 4 லட்சம் டாலருக்கு வாங்கிய ஃப்ரீமான்ட் வீடு இன்று 18 லட்சத்துக்குப் போகும்; குடியிருக்கும் வீடு என்பதால் அதற்கு வரி கிடையாது என்று நம்புகிறார். அவருக்குள்ள ஒரே கவலை, பழைய வீட்டின் குறைந்த சொத்து வரி கைவிட்டுப் போகுமே என்பதுதான். வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், “நாம் வானம் பார்த்த பூமிக்காரர்கள், அங்கே வறண்ட வெயில், வேர்க்கக்கூடச் செய்யாது” என்கிறாராம். அவருக்குச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. ஒரே மகள் தெற்குக் கலிஃபோர்னியாவின் அர்வைன் நகரில் இருக்கிறார்.

வாசகி இப்படி முடிக்கிறார்: “நான் தடுத்தால் அவருடைய ஆசையைக் கெடுத்தவள் ஆவேன். தடுக்காவிட்டால் இருக்கும் ஒரே சொத்தைக் கரைத்தவள் ஆவேன். சட்டப்படி எனக்கு இதில் சொல்ல ஏதாவது இடம் உண்டா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிச்சயம் உண்டு. கலிஃபோர்னியா தம்பதியரின் பொதுச் சொத்து முறையைப் பின்பற்றும் மாநிலம். திருமணத்துக்குப் பின், இங்கே குடியிருந்த காலத்தில், உங்கள் இருவரில் எவருடைய சம்பாத்தியத்தில் வாங்கிய வீடானாலும், பத்திரம் எவர் பெயரில் இருந்தாலும், அதில் இருவருக்கும் சரிபாதி உரிமை இருக்கிறது. அதை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவோ இருவரின் கையெழுத்தும் தேவை. ஆகவே இது உங்கள் கணவர் எடுக்கும் முடிவு, நீங்கள் உடன்படுவதா மறுப்பதா என்ற கோணத்தில் இதைப் பார்க்க வேண்டாம். முடிவு இருவருடையது. இதை அவரிடம் சண்டைக்கான ஆயுதமாக எடுத்துச் செல்லாமல், கணக்கையும் பத்திரத்தையும் அவருடன் மேசையில் விரித்து உட்கார உங்களுக்கு இருக்கும் உரிமையாக எடுத்துச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் அவருடைய விருப்பத்தை ‘வயதான காலத்துப் பிடிவாதம்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. அந்த ஊருக்கு இருக்கும் ஈர்ப்பு உண்மையானது. கடல் மட்டத்திலிருந்து 500 அடிகூட உயரமில்லாத பள்ளத்தாக்கில் வீடு. தெருமுனையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் 10,834 அடி உயரமுள்ள சான் ஹசின்டோ சிகரம். இடையில் குன்றுகள் எதுவும் மறைப்பதில்லை. சுவர் எழுப்பியதுபோல் மலை நேராக நிற்கிறது. 1963 முதல் ஓடும் கம்பிவட வண்டியில் ஏறினால் பத்து நிமிடத்தில் 8,500 அடி உயரத்தில் பைன் காட்டுக்குள் இறங்கலாம். கீழே அரைக்கைச் சட்டையோடு கிளம்பியவர்கள் மேலே பனியில் நிற்பதுண்டு. குளிர்காலத்துப் பகல்கள் பெரும்பாலும் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சுற்றியே இருக்கும். வீடுகள் பெரும்பாலும் ஒற்றைத் தளம் கொண்டவை, தெருக்கள் சமதளமானவை. முழங்கால் வலிக்காரருக்கு மாடிப்படி இல்லாத வீடு என்பது சின்ன விஷயமல்ல. மலையடிவாரத்துப் பள்ளத்தாக்குகளில் கவுயா பழங்குடி மக்கள் பேணிவரும் பனந்தோப்புகளுக்குள் நடந்தால், முதுகுளத்தூர்க்காரர் ஒருவருக்கு என்ன தோன்றும் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவர் விரும்புவது நல்ல ஊரைத்தான். ஆனால் அவர் பார்த்தது அந்த ஊரின் பிப்ரவரியை. வாங்கப்போவது பன்னிரண்டு மாதங்களையும், மனை சேராத ஒரு வீட்டையும்.

மனை யாருடையது?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்தது வெயில் அல்ல, ‘தானாகவே புதுப்பித்துவிடுவார்கள்’ என்ற அந்த ஒரு வரிதான்.

ரயில் பாதை அமைப்பதற்காக அந்தப் பகுதியின் நிலத்தைச் சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒற்றைப்படை எண் கொண்ட கட்டங்களை அமெரிக்க அரசு ரயில் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1876இல் அதிபர் கிராண்ட் பிறப்பித்த ஆணையும் அடுத்த ஆண்டு வந்த விரிவாக்கமும், இரட்டைப்படைக் கட்டங்களில் பெரும்பகுதியை அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த அகுவா கலியென்டே கவுயா மக்களுக்கு ஒதுக்கின. அதனால் இன்றைய நகர வரைபடம் சதுரங்கப் பலகையைப்போல் இருக்கிறது: ஒரு கட்டம் விற்று வாங்கக்கூடிய சொந்த மனை, அடுத்த கட்டம் பழங்குடி நிலம். இரண்டு தெரு தள்ளி விலை இரண்டரை லட்சம் டாலர் ஏறுவதன் ரகசியம் இதுதான். நீங்கள் இடையில் ஒரு கட்டத்தின் எல்லையைத் தாண்டுகிறீர்கள்.

ஆகவே அது ‘அரசாங்க நிலம்’ அல்ல. பழங்குடிக்கோ அதன் தனி உறுப்பினர் ஒருவருக்கோ சொந்தமான நிலம். அவர்களுக்காக அமெரிக்க அரசு பொறுப்பாளராக இருந்து வைத்திருக்கிறது. அதை 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு விட நாடாளுமன்றம் 1959இல்தான் அனுமதி அளித்தது. குத்தகைப் பத்திரத்தில் புதுப்பிக்கும் உரிமை எழுதப்பட்டிருந்தால் ஒழிய, 2053க்குப் பின் அங்கே இருக்கும் உரிமை எவருக்கும் கிடையாது. வழக்கமான பத்திரங்களின்படி, குத்தகை முடியும் நாளில் மனையோடு சேர்ந்து அதன் மேல் உள்ள கட்டடமும் நில உரிமையாளரிடம் போய்விடும். உரிமையாளர்கள் நீட்டித்துத் தருவதும் உண்டு. ஆனால் அது அவர்கள் விருப்பம், அதற்கு அவர்கள் கேட்கும் விலையும் அவர்கள் விருப்பம்.

இதை அவர்கள் நமக்குச் செய்யும் அநீதியாக எவரும் பேசினால் காது கொடுக்க வேண்டாம். அந்த நிலத்திலிருந்து வந்த வருமானத்தை, உரிமையாளர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று சொல்லி, நீதிமன்றம் நியமித்த வெளியாட்கள் நெடுநாள் கையாண்டார்கள். அந்த முறை 1968இல்தான் ஒழிந்தது. நகரின் நடுவே ‘செக்‌ஷன் 14’ என்ற பழங்குடிக் கட்டத்தில் வாடகைக்குக் குடியிருந்த கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகள் 1950, 60களில் இடித்து எரிக்கப்பட்டன. அவர்களுக்கும் சந்ததியினருக்கும் 59 லட்சம் டாலர் இழப்பீடு தர நகர மன்றம் ஒப்புக்கொண்டது 2024இல். தனக்குச் சொந்தமில்லாத மனையில் குடியிருப்பது எவ்வளவு நொய்மையானது என்பதை அந்த ஊரே ஒருமுறை கண்டிருக்கிறது. உங்கள் கையில் பதிவுசெய்த குத்தகைப் பத்திரம் இருக்கும், ஆகவே உங்கள் நிலை அவர்களுடையதைப் போன்றதல்ல. ஆனாலும் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் பத்திரத்தின் வாசகம் மட்டுமே. ஏஜென்டின் வாய்ச்சொல் அல்ல.

‘நாங்கள் ரொக்கமாக வாங்குகிறோம், வங்கிக் கடன் வேண்டாம், 2053இல் அவருக்கு 94 வயது, அதற்கப்பால் எங்களுக்கு என்ன?’ என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் அந்த வீட்டை விற்க நேரும் நாளை நினைத்துப் பாருங்கள். அவருக்கு 80 வயதாகும்போது, உடல்நிலை காரணமாக மகள் பக்கத்தில் போய்விடலாம் என்று நினைத்தால், குத்தகையில் 13, 14 ஆண்டுகளே மிஞ்சியிருக்கும். வீட்டுக் கடன் தருபவர்கள் பொதுவாக, கடன் முடியும் தேதிக்குப் பிறகும் குத்தகை ஐந்து ஆண்டுகளாவது ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்போது 30 ஆண்டுக் கடனும் கிடைக்காது, 15 ஆண்டுக் கடனும் கிடைக்காது. உங்களுக்குக் கடன் தேவையில்லை; உங்களிடம் வாங்க வருபவருக்குத் தேவைப்படும். ரொக்கத்தோடு வருகிற ஒருசிலரிடம், அவர்கள் சொல்லும் விலைக்குத் தர வேண்டியிருக்கும். முதுமைச் செலவுக்கென நினைத்திருந்த பணம் அந்த வீட்டுக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதுதான் என் அச்சம்.

இதற்கிடையே மனைக்கு வாடகை கட்டிவர வேண்டும். அந்த வாடகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படியோ மனையின் சந்தை மதிப்பின்படியோ உயர்த்தப்படலாம். இரண்டாவது வகை என்றால் உயர்வு திடீரென்று பெரிதாக இருக்கும். பழங்குடி நிலம் என்பதால் சொத்து வரி இல்லை என்றும் எண்ண வேண்டாம். நிலத்தை வைத்திருக்கும் உங்கள் உரிமையின் மீது கவுன்ட்டி வரி விதிக்கிறது.

வெயில்

நான் மருத்துவரல்ல, மருந்துகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ‘நமக்கு வெயில் பழக்கம்’ என்ற வாதத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாம் ஸ்பிரிங்ஸில் ஜூலை மாதத்தின் சராசரிப் பகல் உச்சமே ஏறத்தாழ 108 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 42 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் கத்திரி வெயில் என்று கதவைச் சாத்திக்கொள்ளும் நாள் அங்கே சாதாரண நாள். 2024 ஜூலை 5 அன்று 124 டிகிரி ஃபாரன்ஹீட், 51 செல்சியஸ், பதிவானது. அந்த ஊரின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். அந்த மாதங்களில் குளிர்நீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும். கார் சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கி கையைச் சுடும். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் சூரியன் எழும் முன்பே போய்த் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடப்பதாக அங்கே எவரும் நினைக்க மாட்டார்கள், எல்லோருமே அப்படித்தான் இருப்பார்கள்.

‘வேர்க்காது’ என்பதும் தவறு. வேர்க்கும், வேர்த்தது தெரியாமல் உடனே காய்ந்துவிடும். அதனால் உடலிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று என்பது புலப்படாது. வயது ஏறும்போது தாக உணர்வு மங்குகிறது. நெடுநாள் சர்க்கரை நோயில் வேர்வை சுரப்பதே பாதிக்கப்படலாம். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீர் இழப்பு இன்னும் கூடும். அவர் எந்த மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்ற பட்டியலோடு, ‘இவர் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் இருக்கலாமா?’ என்ற ஒரே கேள்வியை மருத்துவரிடம் நேரே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இருபது வயதில் பருத்திக் காட்டில் நின்ற உடம்பும் இன்றைய உடம்பும் ஒன்றல்ல என்பதை மனைவி சொன்னால் கோபம் வரும்; மருத்துவர் சொன்னால் கேட்பார்.

இன்னொன்றையும் கவனித்தேன். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை நீங்கள் சென்னையில் இருப்பீர்கள். அவர் விரும்பும் பாம் ஸ்பிரிங்ஸ் குளிர்காலத்தில்தான் இருக்கிறது. உங்கள் வழக்கத்தை மாற்றாவிட்டால், நல்ல பருவத்தின் ஒரு பகுதியை வாடகைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கோடை முழுவதும் நீங்கள் அங்கே இருப்பீர்கள். இருவரும் இதைப் பேசினீர்களா என்று கடிதத்தில் தெரியவில்லை.

அந்த ஊரின் புகழ்பெற்ற 1950, 60களின் வீடுகள் கண்ணுக்கு அழகானவை: தட்டையான கூரை, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. திருத்தி அமைக்கப்படாத பழைய வீடுகளில் வெப்பத்தடுப்பு மிகக் குறைவு. ஆகஸ்ட் மாதம் மாலை நான்கு மணிக்கு மேற்கு பார்த்த கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; மின்கட்டணம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும். அந்த நேரத்தில்தான், மாலை 4 முதல் 9 வரை, மின்சாரத்தின் விலையும் உச்சத்தில் இருக்கும். வீட்டை விற்பவரிடம் கடந்த இரண்டு கோடைகளின் மின்கட்டண ரசீதுகளைக் கேளுங்கள்.

ஏர்பிஎன்பி கணக்கு

இதில் நீண்டு பேச ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை இப்போதைக்குப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய கால வாடகைக்கு நகரத்தின் அனுமதிச் சான்று வேண்டும். வீட்டை விற்பவரிடம் சான்று இருந்தாலும் அது உங்களுக்கு மாறி வராது. 2022 இறுதியில் நகர மன்றம் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு குடியிருப்புப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு வீடுகளுக்கு மேல் சான்று இருக்கக் கூடாது. புதிதாகச் சான்று பெறுபவர் ஆண்டுக்கு 26 வாடகை ஒப்பந்தங்களுக்கு மேல் போடவும் கூடாது. அந்த வீடு இருக்கும் பகுதி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் நீங்கள் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். குடியிருப்போர் சங்கமாகிய ஹெச்ஓஏவும் குத்தகைப் பத்திரமும் தனித்தனியே தடை விதித்திருக்கலாம். பக்கத்து ஊர்களைப் பார்க்கலாம் என்றால், கதீட்ரல் சிட்டியில் 2021இல் வாக்காளர்களே இதை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்ப்பளித்தார்கள். ராஞ்சோ மிராஜும் தடை செய்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் ஒருவருக்கே விடும் பருவகால வாடகை வேறு வகை. அதற்கு வாய்ப்பு அதிகம், வருமானம் குறைவு.

ஃப்ரீமான்ட் வீட்டை விற்றால்

இங்கே உங்கள் கணவர் கவலைப்பட வேண்டாததற்குக் கவலைப்படுகிறார்; கவலைப்பட வேண்டியதைக் கவனிக்கவில்லை.

சொத்து வரியைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஏற்று 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘19ஆவது முன்மொழிவு’ என்ற சட்டத்தின்படி, 55 வயதைக் கடந்தவர்கள் பழைய வீட்டின் வரி மதிப்பை மாநிலத்துக்குள் எங்கு சென்றாலும் புதிய வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒன்றை விற்று இரண்டு ஆண்டுகளுக்குள் மற்றதை வாங்க வேண்டும். இரண்டுமே நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் இதனால் பெரிய லாபம் இல்லை. 1999இன் 4 லட்சம், ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம் என ஏறி, இன்று 6 லட்சத்தைத் தாண்டியிருக்கும். 7 லட்சத்துக்குச் சொந்த மனை வீடு வாங்கினால் மிச்சமாவது ஆண்டுக்குச் சில நூறு டாலர்தான். 4 லட்சத்து 75 ஆயிரம் வீட்டுக்கோ பழைய மதிப்பைக் கொண்டுபோவதே நஷ்டம்.

அவர் கவனிக்காதது, சொத்தை விற்றுக் கிடைக்கும் லாபத்தின் மீதான மூலதன ஆதாய வரியை. குடியிருந்த வீட்டை விற்கும் தம்பதியருக்கு முதல் 5 லட்சம் டாலர் ஆதாயத்துக்குத்தான் விலக்கு. 18 லட்சத்திலிருந்து வாங்கிய விலையையும், நீங்கள் சமையலறைக்கும் கூரைக்கும் செய்த செலவையும், விற்பனைத் தரகையும் கழித்து, பின் விலக்கையும் கழித்தாலும், 7 முதல் 8 லட்சம் வரை வரிக்கு உட்படும். மத்திய வரி, முதலீட்டு வருமானத்தின் மீதான 3.8 சதவீதக் கூடுதல் வரி, ஆதாயத்தைச் சாதாரண வருமானமாகவே கருதும் கலிஃபோர்னியாவின் வரி எல்லாம் சேர்ந்தால் 2 லட்சம் டாலரை எட்டக்கூடும். அந்த ஆண்டின் உயர்ந்த வருமானத்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பிரீமியமும் ஓராண்டுக்குக் கூடும். பழைய ரசீதுகளைத் தேடி எடுங்கள். வரி ஆலோசகரிடம் இந்தக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இதைச் சொல்வது என் கடமை. வீடு பொதுச் சொத்தாக இருக்கும்போது இருவரில் ஒருவர் காலமானால், மற்றவர் கையில் அந்த வீடு முழுவதும் அன்றைய சந்தை மதிப்புக்கு உயர்த்தப்பட்டதாக வரிச் சட்டம் கருதுகிறது. அதுவரை சேர்ந்த ஆதாயத்துக்கு வரி இல்லை. இதற்காக எவரும் ஆசையை ஒத்திப்போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பத்திரத்தில் சொத்து எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை, விற்றாலும் விற்காவிட்டாலும், இந்த மாதமே பாருங்கள்.

என்ன செய்யலாம்

என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். இந்த வீட்டை வாங்க வேண்டாம். ஆனால் பாம் ஸ்பிரிங்ஸை விட்டுவிடவும் வேண்டாம்.

அவர் ஆசையை மதித்தும் உங்கள் சேமிப்பைக் காத்தும் செய்யக்கூடியது, ஃப்ரீமான்ட் வீட்டை விற்காமல், அங்கே ஓராண்டுக்கு வாடகை வீடு எடுப்பது. ஜனவரியில் போகாதீர்கள், ஜூன் மாதம் போங்கள். கோடையில் வாடகையும் இறங்கியிருக்கும், ஊரின் உண்மை முகமும் தெரியும். முதல் கோடையைக் கடந்த பின்னும் அவருக்கு அந்த ஊர் பிடித்திருந்தால், அது உறுதியான விருப்பம். ஃப்ரீமான்ட் வீட்டை அந்த ஆண்டில் வாடகைக்கு விடலாம். விற்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் அதில் குடியிருந்திருந்தாலே அந்த 5 லட்சம் விலக்கு நிலைக்கும். ஆகவே கிளம்பிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை யோசிக்க அவகாசம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டி எழுதுங்கள். மாநிலத்தின் வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தனி வீட்டுக்கு உள்ள விலக்கு, அதற்குரிய அறிவிப்பை ஒப்பந்தத்தில் சேர்த்தால்தான் கிடைக்கும்.

அந்த ஓராண்டில் நீங்கள் உங்களுக்காகவும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. கடிதம் முழுவதும் அவருடைய முழங்காலையும் அவருடைய தூக்கத்தையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ‘எனக்கு அங்கே பேச ஆளில்லை’ என்ற ஒரே வரிதான். ஃப்ரீமான்ட்டில் உங்களுக்குக் கோயிலும், பாட்டு வகுப்பும், நடக்கிற தூரத்தில் தோழிகளும் இருக்கிறார்கள். பாம் ஸ்பிரிங்ஸிலிருந்து மாலிபு வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போக லாஸ் ஏஞ்சலஸ் முழுவதையும் கடக்க வேண்டும். ஆர்டீசியாவின் இந்தியக் கடைத்தெருவுக்கும் இரண்டு மணி நேரம் ஆகும். நீங்கள் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின்போது ஒரே நாளில் 3 அங்குலத்துக்கு மேல் மழை பெய்து, ஊரிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் முக்கியச் சாலைகள் மூடப்பட்டன. பலத்த காற்றில் மணல் அடித்தும் அதே சாலைகள் அவ்வப்போது மூடப்படுகின்றன. மகள் வீட்டுக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கு எல்லா நாளும் செல்லாது. இவையெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடிய குறைகளா என்பதை வேறு எவரும் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது.

ஓராண்டுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், சிறியதானாலும் சொந்த மனையில் வாங்குங்கள். ஊரின் வடபகுதியில் காற்றும் மணலும் அதிகம். தெற்கே, மலையை ஒட்டிய பகுதிகளில் குறைவு, மாலை நிழலும் சீக்கிரம் விழும். விற்பவர் சட்டப்படி தர வேண்டிய இயற்கை அபாய அறிக்கையை வரி விடாமல் படியுங்கள். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது, வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கமும் வெள்ளமும் சேராது.

இத்தனைக்குப் பிறகும் அடுத்த வாரம் இதே வீட்டுக்கு முன்பணம் கட்டுவதில் அவர் உறுதியாக இருந்தால், ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து விழும் முன் ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள்: மூலக் குத்தகைப் பத்திரம், அதன் திருத்தங்கள், உள்குத்தகை இருந்தால் அதுவும், மனை வாடகை உயரும் முறையும், உரிமை மாற்றத்துக்கு எவருடைய ஒப்புதல் தேவை என்பதும் எழுத்தில் கிடைத்து, உங்கள் வழக்கறிஞர் படித்து ஒப்புக்கொண்டால்தான் வாங்குவோம் என்று. கலிஃபோர்னியாவின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில் ஆய்வுக்காக 17 நாட்கள் தரப்படுகின்றன. அந்த நாட்களைக் குறைக்கும் தாளிலோ, நிபந்தனைகளைக் கைவிடுவதாகச் சொல்லும் தாளிலோ ஏஜென்ட் அவசரப்படுத்தினாலும் கையெழுத்திட வேண்டாம். நிபந்தனை உயிரோடு இருக்கும் வரை நீங்கள் விலகிக்கொள்ளலாம், முன்பணமும் திரும்பக் கிடைக்கும். அதைக் கைவிட்ட பின் விலகினால் முன்பணம் போய்விடக்கூடும்.